97 லிட்டர் அண்டாவுக்கு ஓர் அளவுக்கம்பு

அப்பா சமையல் வேலைக்குப் போகிறவர். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே விசேஷம் என்றாலும் அழைப்பு வரும். முந்நூறு பேருக்கு மேல் சாப்பாடு என்றால் எங்கள் தெருக்கோடி வீட்டு ஆச்சியிடம் கேட்டுப் பெரிய பித்தளை அண்டாவை எடுத்து வருவார். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை எல்லாம் உள்ள மூன்று கட்டு வீடு அது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். சாமான் அறையில் மட்டும் ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய பாத்திரம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்துகள் புள்ளிப் புள்ளியாகக் கொத்தப்பட்டிருக்கும்.

அந்த அண்டாவில் தண்ணீர் ஊற்றுவதுதான் அப்பாவுக்குத் தீராத தலைவலி. பத்து லிட்டர் வாளியால் ஒருவர் ஊற்ற ஒருவர் எண்ண வேண்டும். நடுவில் ஒரு போன் வரும், அல்லது காய்கறி வண்டி வந்து நிற்கும். "அஞ்சு வாளியா, ஆறு வாளியா? யாருடா எண்ணுனது?" என்று சத்தம் போடுவார். வயிறு பெருத்து, அடியும் கழுத்தும் சிறுத்த பாத்திரம் என்பதால் பாதி உயரம் நிறைந்தால் பாதி அளவு என்று கண்ணால் சொல்லிவிட முடியாது.

நான் காரைக்குடியில் எம்.எஸ்ஸி கணிதம் படிக்கிறேன். அந்தப் பருவத்தில் எண்ணியல் பகுப்பாய்வு, அதாவது நேராகத் தீர்க்க முடியாத கணக்குக்குத் தோராய விடை காணும் பாடம், ஒரு தாள். எங்களுக்கு அது வெறும் 'நியூமெரிக்கல்'. சீனியர்கள் எல்லாரும், "கால்குலேட்டர் தட்டத் தெரிந்தால் போதும், மார்க் அள்ளலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் இன்டர்னலில் நான் எடுத்தது 25-க்கு 9. சூத்திரம் எல்லாம் தெரியும். எதை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று மூன்று புள்ளியாகப் பரவளையம் போர்த்திப் பரப்போ கொள்ளளவோ காணும் சிம்சன் விதிக்கு இடைவெளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் ஏழு இடைவெளிக்குப் போட்டு, ஆறு தசம இடம் வரை அழகாக எழுதி வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் மேடம் வானியலாளர் கெப்ளர் கதையைச் சொன்னார். லின்ஸ் நகரில் வாழ்ந்த கெப்ளர் 1613-ல் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது பீப்பாய் பீப்பாயாகத் திராட்சை மது வாங்கினாராம். விற்க வந்தவர் பீப்பாயின் துளை வழியாக ஒரு கம்பைச் சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொல்ல, மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. ஒல்லிப் பீப்பாய்க்கும் குண்டுப் பீப்பாய்க்கும் ஒரே கம்பு எப்படிச் சரிவரும் என்று உட்கார்ந்து 1615-ல் பீப்பாய்க் கொள்ளளவு பற்றி ஒரு புத்தகமே போட்டுவிட்டார். அடி, நடு, மேல் என்று மூன்று குறுக்குவெட்டுகளை வைத்துக் கொள்ளளவு காணும் வழியை ஜெர்மன்காரர்கள் இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என்றுதான் சொல்கிறார்கள். நாம் சிம்சன் விதி என்று படிப்பதும் அதையேதான்.

கல்யாணம், பெரிய பாத்திரம், கம்பு. எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. ஆளுக்கொரு பொருளைக் கையால் அளந்து சின்ன ப்ராஜெக்ட் செய்யச் சொல்லியிருந்தார்கள். அண்டா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதல் ஞாயிறு. அண்டாவை வளவில் இறக்கி, டியூப் லெவல் பிடித்து, அடியில் அட்டைத் துண்டு சொருகி மட்டமாக்கினோம். அடித்தகட்டின் கனத்தைத் தள்ளிவிட்டு, உள்தரை மட்டத்திலிருந்து 6 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் வளையம் போட்டேன். கழுத்து வரை 48 செ.மீ., மொத்தம் ஒன்பது வளையம். ஒவ்வொன்றையும் தையல் டேப்பால் சுற்றி அளந்தேன். டேப் கொஞ்சம் சரிந்தாலும் அளவு கூடிவிடும். அதனால் தம்பியை எதிர்ப்பக்கம் பிடிக்க வைத்து, ஒவ்வொரு வளையத்தையும் மூன்று முறை எடுத்தோம். கீழிருந்து மேலாக, சென்டிமீட்டரில்: 120, 150, 164, 171, 174, 173, 168, 158, 124.

சுற்றளவை வர்க்கப்படுத்தி 4π-ஆல் வகுத்தால் அந்த உயரத்துக் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். அந்தப் பரப்புகளை, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் சரிவக விதியில் போட்டால் 98.80 லிட்டர், சிம்சனில் 99.81 லிட்டர். "நூறு லிட்டர் அண்டாப்பா" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "நூறு பிடிக்காதுத்தா, ரெண்டு மூணு கொறையும்" என்றார். ஒரு சூத்திரமும் இல்லாமல் சொன்ன அந்தப் பதில்தான் கடைசியில் சரியாக இருந்தது.

நான் அளந்தது வெளிச்சுற்று. தண்ணீரோ உள்ளே நிற்கிறது. விளிம்புக்குச் சற்றுக் கீழே வெர்னியர் வைத்துப் பார்த்தால் தகடு 3 மி.மீ. கையால் அடித்த பழைய சாமான், எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காதுதான், ஆனாலும் அதையே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றளவிலும் 1.9 செ.மீ. குறைகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் பரப்பு வர்க்கத்தில் போவதால் பிழை இரட்டிப்பாகி, சிம்சன் கணக்கு 97.48-க்கு இறங்கிவிட்டது. இரண்டேகால் லிட்டருக்கு மேல் தகட்டிலேயே போய்விட்டது!

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வகுப்பில் ஒன்று சொல்லியிருந்தார்கள்: சிம்சன் விதியில் இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அதைப் பார்த்துவிடலாம் என்று அடுத்த ஞாயிறு 3 செ.மீ. இடைவெளியில் வளையம் போட்டு மறுபடி அளந்தேன். 12 செ.மீ. இடைவெளியில் 96.62 லிட்டர், 6-ல் 97.48, 3-ல் 97.84. முதல் தாவலில் 0.86 கூடியது என்றால் அடுத்ததில் 0.05 அளவுதான் கூட வேண்டும். கூடியதோ 0.36. பதினாறு எங்கே, இரண்டரை எங்கே?

இரண்டு நாள் கணக்கிலேயே தப்பைத் தேடினேன். பைத்தானில் எழுதிய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையால் போட்டேன். அதே விடை. தப்பு பாத்திரத்தில் இருந்தது. சரியாகச் சொன்னால், பாத்திரத்தை நான் பார்த்த விதத்தில். 45 செ.மீ. உயரத்தில் அண்டாவுக்குத் தோள் இருக்கிறது. அதுவரை மெதுவாக உள்வாங்கி வரும் தகடு அங்கே சட்டென்று மடிந்து கழுத்துக்குப் போகிறது. டேப்பில் 42-ல் 158, 45-ல் 152, 48-ல் 124. கையால் தடவினாலே முனை தெரியும். பிழை பதினாறில் ஒன்றாகக் குறையும் என்ற வாக்குறுதி வழவழப்பான வளைவுக்குத்தான். நான்காம் வகைக்கெழு வரை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நோட்டில் நானே எழுதியிருந்தேன், ஒரு மார்க் நிபந்தனையாக. தோளின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பரவளையத்தால் போர்த்தினால் அந்தப் பரவளையம் நிஜ அண்டாவைவிடப் புடைத்து நிற்கும்.

வைத்தியம் சுலபம். 45-ல் கணக்கை உடைத்து, கீழே தனியாக, மேலே தனியாகப் போட வேண்டும். நடுவில் 43.5, 46.5 உயரங்களில் இரண்டு வளையம் கூடுதலாக அளந்துகொண்டேன். விடை 97.58. தோள் விழுங்கியிருந்தது கால் லிட்டர்.

ஒரு வேடிக்கை. 3 செ.மீ. அளவுகளைச் சாதாரணச் சரிவக விதியில் போட்டால் 97.50 வருகிறது. தோளைக் கவனிக்காத சிம்சனைவிட அதுவே நிஜத்துக்குப் பக்கம். பெரிய விதி, சின்ன விதி என்று தரம் பிரித்து வைத்திருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நடுவே, பதினேழு புள்ளிகள் வழியாகவும் ஒரே பல்லுறுப்புக்கோவையை ஓட்டினால் அழகான வளைவு கிடைக்குமே என்று ஓர் ஆசை வந்தது. பதினாறாம் படி. எல்லாப் புள்ளியையும் அது தொட்டது உண்மை. ஆனால் புள்ளிகளுக்கு நடுவே, கழுத்துப் பக்கமும் அடிப்பக்கமும், திரையில் அண்டா வீங்கிச் சுருங்கி ஏதோ நாதஸ்வரத்தை முறுக்கியது போல் நின்றது. சம இடைவெளிப் புள்ளிகளில் படியைக் கூட்டக் கூட்ட ஓரங்களில் அலை அடிக்கும் என்று ஜெர்மன் கணிதவியலாளர் ருங்கே 1901-லேயே காட்டிவிட்டார். படித்திருந்தேன், நம்பவில்லை. அப்புறம் துண்டு துண்டாக முப்படி வளைவு வைத்துத் தைக்கும் ஸ்ப்ளைன் முறைக்குப் போனேன், அதையும் தோளில் வெட்டி. அந்த வாரம் ஆச்சி வீட்டில் கதவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி, மெல்லிய மரப்பட்டை ஒன்றை ஆணிகளுக்கு நடுவே வளைத்து நிலைவளைவு வரைந்துகொண்டிருந்தார். ஸ்ப்ளைன் என்ற பெயரே அப்படி வளைக்கிற பட்டைக்கு வைத்த பெயர்தான்.

இன்னொரு கிறுக்குத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உயரத்தை 0.1 செ.மீ. 0.1 செ.மீ. ஆகக் கூட்டிக்கொண்டே போய் 45-ஐத் தொட்டதும் நிற்கும்படி நிரல் எழுதினேன். அது நிற்கவே இல்லை. கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவது. பத்தில் ஒன்று அதற்கு முடிவில்லாப் பின்னம். அதனால் 0.1-ஐப் பத்து முறை கூட்டினால்கூட 1 வராது, 0.9999999999999999 வரும். கூட்டிக் கூட்டிப் போகும்போது 45-ஐச் சரியாகத் தொடாமல் பக்கவாட்டில் தாண்டிப் போய்விடும். 1991-ல் வளைகுடாப் போரில் பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு எதிரி ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்ததற்குக் காரணம் இதே பத்தில் ஒன்றுதான். நொடியின் பத்தில் ஒரு பங்கை 24 பிட்டில் வெட்டி வைத்ததால் நூறு மணி நேரத்தில் கடிகாரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு விலகியிருந்தது. நான் அடியளவை எட்டில் ஒன்றாக, 0.125 ஆக மாற்றினேன். சரியாக 45-ல் நின்றது. அப்பத்தாவிடம் இதைச் சொன்னால், "ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. இதுல என்ன மிச்சம் விழும்?" என்றார். ஆழாக்கிலிருந்து படி வரை அரிசி அளக்கிற கணக்கு இரண்டாலேயே போகிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

சரி, தண்ணீர்ச் சோதனை. தோட்டக் குழாயடியில் வைத்து ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தால் ஊற்றினோம். பத்தொன்பது முறை, அதற்கு மேல் ஒரு லிட்டர் பாட்டிலால் இரண்டும் கொஞ்சமும். 97.1 என்று குறித்துக்கொண்டேன். கணக்கு 97.58. வித்தியாசம் அரை லிட்டர். டேப்பில் அரை செ.மீ. எல்லா வளையத்திலும் ஒரே பக்கமாகத் தவறினாலே 0.6 லிட்டர் வித்தியாசம் வரும். எனவே இது அளவுப்பிழை என்று எழுதி மூடிவிட்டேன். அந்த அரை லிட்டரை மட்டும் அப்போதே துருவியிருந்தால் பின்னால் அவமானப்பட்டிருக்க வேண்டாம்.

அடுத்தது கம்பு. ஆசாரியிடம் பழைய உத்தரத்திலிருந்து மிஞ்சிய தேக்கில் ஒரு சட்டம் இழைத்து வாங்கினேன், 60 செ.மீ. நீளம், விரல் கனம். பத்துப் பத்து லிட்டருக்கு ஒரு வெட்டு, கடைசியாக 95-க்கு ஒன்று வேண்டும். இப்போது கேள்வி தலைகீழ்: இந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்பதல்ல, 50 லிட்டருக்கு எந்த உயரம்?

சுற்றுச் சுற்றாக விடையை நெருங்கும் நியூட்டன்–ராப்சன் முறை எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். வகுப்பில் வகைக்கெழு கண்டுபிடித்து அதால் வகுப்பதே பெரிய பாடாக இருக்கும். இங்கே தண்ணீரின் அளவை உயரத்தால் வகையிட்டால் கிடைப்பது அந்த உயரத்துக் குறுக்குவெட்டுப் பரப்பு. அதுதான் ஏற்கெனவே அட்டவணையில் இருக்கிறதே! 24 செ.மீ. உயரம் வரை 47.36 லிட்டர். இன்னும் 2.64 வேண்டும். அங்கே பரப்பு 2357 ச.செ.மீ. 2640-ஐ 2357-ஆல் வகுத்தால் 1.12. ஆக 25.12 செ.மீ.யில் வெட்டு. இரண்டாம் சுற்றில் விடை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகரவில்லை, ஏனென்றால் வயிற்றுப் பகுதியில் பரப்பு அவ்வளவாக மாறுவதில்லை. தோளுக்கு மேலே 95 லிட்டர் வெட்டுக்கு மட்டும் மூன்று சுற்று ஓட வேண்டியிருந்தது.

ரெக்கார்டில் எல்லா உயரத்தையும் ஆறு தசம இடத்துக்கு எழுதியிருந்தேன். மேடம் கடைசி நான்கு இலக்கத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, "இது கம்பில் எங்கே இருக்கு, காட்டு" என்றார். ரம்பம் போட்ட வெட்டே இரண்டு மில்லிமீட்டர் அகலம். வயிற்றில் அது கிட்டத்தட்ட அரை லிட்டர்.

கம்பு முதன்முதலில் வேலைக்குப் போனது கோட்டையூரில் ஒரு சாந்திக் கல்யாணம். வெந்நீருக்கு 50 லிட்டர் ஊற்ற வேண்டும். நல்ல வேளை, அப்பா கம்பை நம்பாமல் வாளியையும் எண்ணினார். ஐந்து வாளி முடிந்ததும் கம்பை விட்டுப் பார்த்தால் தண்ணீர் 50-ம் வெட்டுக்கு முக்கால் சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. "கம்பு பொய் சொல்லுதுத்தா" என்று போன் வந்தது. கம்பை நம்பி வெட்டு வரை ஊற்றியிருந்தால் 52 லிட்டருக்குப் பக்கத்தில் போயிருக்கும். வெந்நீருக்குப் பரவாயில்லை. ரசமாக இருந்தால் அப்பா பெயர் கெட்டிருக்கும்.

மறுநாள் அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் பார்த்தேன். அடித்தகடு தட்டையாக இல்லை. நடுவில் மெல்ல மேலே எழும்பி, உள்ளே ஒரு சின்ன மேடாக இருக்கிறது. எத்தனையோ வருஷம் விறகடுப்பில் ஏறி இறங்கிய பாத்திரம். உள்ளே சட்டத்தைக் குறுக்கே வைத்து ஸ்கேலால் அளந்தேன். நடுவில் சரியாக ஒரு சென்டிமீட்டர். நான் உயரத்தை எடுத்ததெல்லாம் ஓரத்திலிருந்து. அப்பா கம்பை நிறுத்தியது நடுவில், மேட்டின் உச்சியில். யாராக இருந்தாலும் நடுவில்தானே நிறுத்துவார்கள்? அதோடு மேடு இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. அடிப்பரப்பில் பாதியை ஒரு செ.மீ. உயரத்தால் பெருக்கினால் 0.55 லிட்டர். 97.58-லிருந்து கழித்தால் 97.03. தண்ணீர்ச் சோதனையில் தொலைந்த அரை லிட்டர் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து டேப்பால் எத்தனை முறை சுற்றினாலும் அது அகப்பட்டிருக்காது.

எல்லா வெட்டையும் அழித்துப் புதுக் கம்பு செய்ய எனக்குப் பொறுமை இல்லை. பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது, காஸ்–சைடல் முறை தொடாமலே கிடந்தது. யோசித்துப் பார்த்தால் இரண்டு பிழையும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. கம்பு மேட்டில் ஏறி நிற்பதால் 10 மி.மீ. கழிக்க வேண்டும். மேடு அரை லிட்டரை அடைப்பதால் வயிற்றுப் பகுதியில் 2.3 மி.மீ. கூட்ட வேண்டும். மிச்சம் 7.7. கம்பின் அடியில் எட்டு மில்லிமீட்டர் அறுத்தெடுத்தால் முடிந்தது கதை. 10 லிட்டர் வெட்டிலும் 95 லிட்டர் வெட்டிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தப்பும். வெட்டின் அகலத்துக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

ஆசாரி கோடு போட்டு ஒரே இழுப்பில் அறுத்துக் கொடுத்தார். அந்த வாரமே ஆறு வாளி ஊற்றிக் கம்பை நடுவில் நிறுத்தினோம். தண்ணீர் 60-ம் வெட்டுக்குள் நின்றது. அறுத்த துண்டை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெவிக்கால் போட்டு ஒட்டி, பக்கத்தில் 7.7 என்று எழுதி வைத்தேன். மேடம் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார்.

கம்பை ஆச்சியிடம் கொடுத்தபோது ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்துப் போடலையா?" என்றார். அந்த வீட்டுச் சாமானில் எழுத்து இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதே முதலெழுத்துகளைத் தேக்கில் புள்ளி புள்ளியாகச் சுட்டேன். அப்புறம் சாமான் அறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டார். மூலையில் அதே அச்சில் இன்னொரு அண்டா. அதே எழுத்து, அதே தோள், பார்வைக்கு இரட்டைப் பிள்ளை. உள்ளே கைவிட்டு அடியைத் தடவிப் பார்த்தேன். தட்டையாக இருந்தது.

சுட்ட எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒன்று என்று எண்ணும் போட்டுவிட்டு, தம்பியை டேப் எடுத்து வரச் சொன்னேன்.